கிணற்றடியில் ஒரு வாரேன்

"லோகநாயகி!" என்று அத்தை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். "வாரேன்" என்று கிணற்றடியிலிருந்து பதில் வந்தது. மருமகள் மொழி அப்போது முன்னறையில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது அவளைத்தான், ஆனால் அவள் வாயே திறக்கவில்லை.

கையில் பிழிந்த துண்டோடு அப்படியே நின்றாள். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி, மேலகரம் முழுக்க மேலைக்காற்றும் சாரலுமாக, வீட்டுக்குள் எதுவும் காயாமல், சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்க, பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டாக இருந்தது. ஓட்டுச் சரிவில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், தென்னை மட்டை உரசுகிற சத்தம், பேரருவியில் தண்ணீர் கூடினால் மட்டும் இவ்வளவு தூரம் வந்து சேர்கிற அந்த ஓயாத இரைச்சல், இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பெண்குரல் தெளிவாக, அவசரமே இல்லாமல், இந்த வீட்டுக்காரி மாதிரி சொல்லியிருந்தது. வாரேன்.

முன்வாசலில் நின்றால் நடை, அடுக்களை, பின்வாசல், கிணறு எல்லாம் ஒரே நேராகத் தெரிகிற பழைய வீடு அது. மொழி எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் யாரும் இல்லை. அடுக்களைக்குப் போனாள்.

"பின்னால யாரு அத்தை?"

அத்தை அடுப்பையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து மொழி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"யாருமில்லட்டி. காத்து."

"காத்து 'வாரேன்'னு சொல்லுமா?"

"சீசன் காத்து என்னமும் சொல்லும். சவத்த விடு. தேங்காயத் துருவு."

மொழி தேங்காயைத் துருவினாள். வேறென்ன செய்ய? புதுமருமகள் மாமியாரிடம் போய் உங்கள் வீட்டுக் காற்று பேசுகிறது என்று எப்படித்தான் சொல்வாள்!

லோகநாயகி என்கிற பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். தென்காசிப் பக்கம் தெருவுக்கு ஒரு குழல்வாய்மொழி இருப்பாள். அவளுடைய மாமியாரும் ஒரு குழல்வாய்மொழிதான். மாமியார் பெயரே மருமகளுக்கும் வாய்த்துவிட்டால் வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவது வழக்கம். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி ஒருத்தன் பெண்டாட்டியை அதட்ட முடியுமா, இல்லை கொஞ்சத்தான் முடியுமா? பெண் பார்க்க வந்த அன்றே இந்தப் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை பரமேஸ்வரன், மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர், காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "லோகநாயகின்னு கூப்பிடுவோம்" என்றான். யோசிக்கவே இல்லை.

அவன் அந்தப் பெயரைச் சொன்ன விதம் மொழிக்குப் பிடித்துப்போனது. குற்றாலநாதர் கோயிலில் வீட்டு ஆட்கள் மட்டும் நின்று தாலி கட்டி முடித்த அன்றைக்கு ராத்திரி, அவன் விளக்கை அணைத்துவிட்டு, அவள் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "லோகா" என்றான். நாக்குக்குப் பழகின பெயர் மாதிரி இருந்தது. தனக்காக எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாரோ என்று நினைத்து உருகிப்போனாள். செவ்வாய் தோஷம் அது இது என்று தட்டித் தட்டி, முப்பதை நெருங்கும்போது கூடிவந்த கல்யாணம். பூரிப்புக்குக் கேட்பானேன்!

லீவு முடிந்து அவன் மஸ்கட் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் போனில் சொன்னான். "பேரை கெசட்டுலயே மாத்திரு."

"வீட்டுல கூப்பிடுதது சரிங்க. பாஸ்போர்ட்டுல எதுக்கு?"

"ரெண்டு பேரு இருந்தா இங்கன ஆயிரம் கேள்வி கேப்பான். எனக்காக இதச் செய்ய மாட்டியா?"

அவனுக்காகத்தான் செய்தாள். எதிலெதிலோ கையெழுத்துப் போட்டாள். குழல்வாய்மொழி ஆகிய நான் இனிமேல் லோகநாயகி என்றே அழைக்கப்படுவேன் என்று கெசட்டில் அச்சாகி வந்தது. புதுப் பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு டிக்கெட் வந்தது. எல்லாம் லோகநாயகிக்கு.

பரமேஸ்வரன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். ஏர்போர்ட்டில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவள் திருதிருவென்று முழிக்கக் கூடாது, ஆபீசர் சந்தேகப்பட்டால் வம்பு, அதனால் எல்லாரும் இப்போதிருந்தே புதுப் பெயரிலேயே கூப்பிட்டுப் பழக்குங்கள் என்று. அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டவர் அவளுடைய அப்பாதான். வீரகேரளம்புதூரில் உரக்கடை வைத்திருக்கிற நாறும்பூநாதன். தாயில்லாப் பெண்ணை ஒற்றை ஆளாய்த் தலைவாரிப் பூ வைத்து வளர்த்தவர். பிறந்ததிலிருந்து 'மொழி' என்று கூப்பிட்ட வாய். போன் எடுத்தால், "எம்மா மொ... ச்சே, லோகநாயகி" என்று பாதியை விழுங்கி, தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். "பழகிருவேம்மா. என்னால ஒனக்குத் தடங்கல் வரப்பிடாது."

அந்தத் தெருவில் பழைய பெயர் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. தினமும் காலையில் பூக்கார முப்பிடாதியம்மாள் கூடையோடு வந்து கம்பிக்கதவைத் தட்டி, "குழல்வாய்மொழியக்கா! பூ!" என்று குரல் கொடுப்பாள். மொழி பழக்கதோஷத்தில் ஒருநாள் "வாரேன்" என்று ஓடினாள். அத்தை குறுக்கே கையை நீட்டினாள்.

"நில்லுட்டி. அது எம் பேரு. ஒம் பேரைத்தான் எழுதிக் குடுத்துட்டியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மொழியும் சிரித்தாள்.

அதன் பிறகு குரல் கிணற்றடியில் நிற்கவில்லை. அத்தை கூப்பிடக் கூப்பிட அது கிட்டே வந்தது. முதலில் பின்வாசல் படியிலிருந்து 'வாரேன்' என்றது. பிறகு அடுக்களைக்குள்ளிருந்து, மொழி அதே அடுக்களையில் அம்மி பக்கத்தில் குந்தியிருக்கும்போதே. குரலுக்கு முன்னால் வாசம் வரும். அருவிக்குப் போகிறவர்கள் உச்சியில் வைத்துத் தேய்க்கிற நல்லெண்ணெய் வாசம், அதோடு பாசியும் ஈரக் கூந்தலும் கலந்த ஒரு வாடை. கல்யாணத்துக்கு அப்புறம் மொழி எண்ணெயே தேய்த்ததில்லை, சளி பிடிக்கும். ஆனாலும் காலையில் எழுந்தால் அவள் தலையணை உறையில் எண்ணெய்க் கறை. அடுக்களைத் தரையில் ஈரக் காலடிகள், பின்வாசலிலிருந்து உள்நோக்கி. திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை.

பேய் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, யாரானாலும் மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்க்கிறார்கள். மனுசர் கூப்பிடும்போது பேய் முந்திக்கொண்டு பதில் சொன்னால் என்ன செய்வதென்று ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு முஹ்ஸினா நல்ல பெண். மதில் வழியாகப் பண்டம் பலகாரம் கொடுப்பாள். ஆனால் ஒருநாளும் மொழியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க' என்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் முஹ்ஸினா கிண்ணத்தை நீட்டும்போது மொழி கேட்டுவிட்டாள்.

"ஏன் முஹ்ஸினா, எம் பேரச் சொன்னா ஒன் வாய் வெந்துருமா?"

முஹ்ஸினாவின் முகம் மாறிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒங்க மாமியா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. எனக்குத்தான் மனசு கேக்கல. அந்தப் பேரைச் சொல்லி ஒங்கள எப்பிடிக்கா கூப்பிடுவேன்? அவிய பேருல்லா அது."

"எவிய பேரு?"

"மொதத் தாரம். லோகநாயகி மைனி." முஹ்ஸினா தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா? மஸ்கட்டுக்குப் போறதுக்கு எல்லாம் ரெடி. கெளம்புறதுக்கு முந்தின நாளு கடைசியா அருவில குளிச்சிட்டு வாரேன்னு தலை நெறய எண்ணெயோட போனாவ. திடீர்னு தண்ணி கூடிட்டு. வீட்டுக்குத் துணி மூடித்தான் வந்தாவ."

மொழிக்குக் காதில் அருவி இரைகிற மாதிரி இருந்தது.

"எப்பமும் அந்தக் கிணத்தடியிலதான் நிப்பாவ. ஒங்க மாமியா கூப்பிட்டா 'வாரேன்'னு ஒரு சத்தம் குடுப்பாவ பாருங்க, எங்க அடுக்களை வரைக்கும் கேக்கும்." முஹ்ஸினா குரலைத் தாழ்த்தினாள். "இப்பமும் கேக்குது. நீங்கதான்னு நெனச்சு மனசத் தேத்திக்கிடுதேன்."

மொழி உள்ளே வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, இவியளுக்கு நான் ரெண்டாந்தாரமா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ யூரியா விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா போனோடு கடைக்கு வெளியே நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்த முடிக்கணும்பாங்க. நான் ஒண்ணுதாம்மா சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "சொன்னா நீ சம்மதிக்க மாட்ட. எனக்கு அப்புறம் ஒனக்கு யாரு இருக்கா? நல்ல எடம். பய நல்ல பய. செத்துப்போனவளால ஒனக்கு என்ன எடஞ்சல் வந்துரப் போவுதுன்னு நெனச்சேன்."

"அவ பேரு என்னன்னு கேட்டீயளா?"

"கேக்கலியேம்மா. ஏன்?"

மொழி போனை வைத்துவிட்டாள். அப்பாவுமா! ஊரே கூடி ஏமாற்றட்டும், போகட்டும். தலைவாரிவிட்ட அந்தக் கைக்கும் ஒரு பொய் தேவைப்பட்டதா? அழுதாள். அழுகை நடுவில் மூக்கில் எண்ணெய் வாசம் ஏறியது. அழுகையை நிறுத்திவிட்டாள். பயந்து நிறுத்தினாள்.

மறுநாள் விமானம். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போனது. காற்று பேயாய் வீசி, ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. மொழி நடையில் சுவரைத் தடவி வந்தபோது, பூசையறைக்குள் அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். காமாட்சி விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகத் தரையில் கோடாய் விழுந்தது. மொழி அந்தக் கோட்டை மிதிக்காமல் நின்றாள்.

"அடுக்களை வரைக்கும் வந்துட்டாப்பா," என்றாள் அத்தை. "இனி நடைதான் பாக்கி."

"எண்ணெ வாசம் அடிக்குதாம்மா?" பரமேஸ்வரன் குரல்.

"வீடு பூரா அடிக்குது. அதே எண்ணெ."

அவன் அழுதான். ஓர் ஆம்பிளை குலுங்கிக் குலுங்கி அழுகிற சத்தம் அந்தச் சின்ன போனிலிருந்து வந்தது. "கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்திட்டேம்மா அவள. அவ இல்லாம என்னால இங்கன இருக்க முடியல."

"அதான் வந்துட்டாள்லா. கெசட்டுல வந்த அன்னைக்கே கிணத்தடியில மொதச் சத்தம் கேட்டுட்டு. நாம கூப்பிட்டா அது வெறும் கூப்பாடு, அவளே மனசறிஞ்சு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் பேரு கை மாறும்னு குறி பாத்த கோடாங்கி சொன்னாம்லா. பொய்யில்ல."

"அந்தப் புள்ள?"

"அது பேரு எம் பேருதானப்பா. அந்தப் பேரு எங்கிட்டயே இருக்கட்டும்."

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாவம்மா," என்றான். அவ்வளவுதான். குழம்புக்குப் போகிற கோழியைப் பார்த்துச் சொல்வது மாதிரி ஒரு பாவம்.

மொழிக்கு அந்த முதல் ராத்திரி நினைவு வந்தது. கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, லோகா. அவன் கண்ணை மூடியது ஆசையில் இல்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. அந்தப் பாவி அன்றைக்குத் தாலி கட்டியது அவளுக்கு இல்லை. அவள் உடம்புக்கு. அளவெடுத்து வாங்கின சட்டை மாதிரி, இன்னொருத்தி போட்டுக்கொள்ள.

போய்விட வேண்டும். செருப்பைக்கூடத் தேடவில்லை. நடையைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, வாசல் தாழ்ப்பாளில் கை வைத்தாள். தாழ்ப்பாள் நகர்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது. தெருமுனையில் தென்காசி பஸ் திரும்புகிற வெளிச்சம் தெரிந்தது.

"லோகநாயகி!" என்று அத்தை உள்ளிருந்து கூப்பிட்டாள். கோபமே இல்லை குரலில். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

"வாரேன்."

பிடரிக்குப் பின்னால். மூச்சு காதில் பட்டது. குளிர்ந்த மூச்சு.

மொழியின் கால் திரும்பியது. அவள் திருப்பவில்லை. கால் திரும்பியது, நடந்தது, நடையைக் கடந்து பூசையறை வாசலில் போய் நின்றது. அப்போதுதான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது. கூப்பிட்டதற்குப் பதில் சொன்னவள் எவளோ, உடம்பு அவளுக்கு. அத்தை விளக்கை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையால் வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"வா தாயி. எளச்சிப் போயிட்டியே."

ஒரே ஒரு வழி இருந்தது. யாராவது அவளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அத்தை சொல்ல மாட்டாள். முஹ்ஸினா வீட்டில் சாயங்காலத்திலிருந்தே பூட்டுத் தொங்கியது, கடையநல்லூரில் சொந்தக்காரர் கல்யாணம். அப்பாவுக்குப் போன் போட்டாள். கோபமாவது மண்ணாவது.

"அப்பா, என்னைக் கூப்பிடுங்க. எம் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா."

"ஹலோ? கேக்கலியே. ஹலோ?"

"அப்பா!" என்று கத்தினாள். தொண்டை வலித்தது. சத்தம் வரவில்லை.

"ஆங், இப்பம் கேக்குது. சொல்லும்மா லோகநாயகி. எம் மேல கோவமில்லையே?"

"இல்லப்பா," என்றது அவள் வாய். "காலையில கார் எடுத்துட்டு வந்துருங்க. நேரமாயிரும்."

விடிந்தது. சாரல் நிற்கவில்லை. அத்தை முகம் மஞ்சளும் குங்குமமுமாக மினுங்கியது. மூட்டுவலி, ஏர்போர்ட்டுக்கு நான் வரல, சம்பந்தியே கூட்டிட்டுப் போகட்டும் என்று முன்னமே சொல்லிவிட்டாள். பெட்டி வாசலில் இருந்தது. மொழி நீலப் பட்டுப்புடவை கட்டி முன்னறையில் நின்றாள். யார் கட்டிவிட்டது, எப்போது என்று தெரியவில்லை. கம்பிக்கதவுக்கு அப்பால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் ஆனது அதுதான். பார்ப்பது. மனதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வாய் தவறும். எப்போதும் தவறும். நேற்று ராத்திரி ஒரு தடவை தவிர அவரால் அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல முடிந்ததில்லை. என்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, எம்மா மொழி என்பார். மொழி என்றால் போதும். பாதிப் பெயர் போதும். நான் பதில் சொல்லிவிடுவேன்.

கார் வந்தது. அப்பா இறங்கினார். குடையை விரிக்க மறந்து, கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு, நனைந்துகொண்டே கம்பிக்கதவுக்கு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மகளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"எம்மா மொ..."

மொழி வாயைத் திறந்தாள்.

அப்பா நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரித்தார். ஒரு பொய் சொன்னதற்குப் பரிகாரமாக இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்து வந்திருந்த மனுசர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் கூப்பிட்டார்.

"லோகநாயகி!"

"வாரேன்ப்பா."

இந்த முறை பின்னாலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

குளிர். காலுக்குக் கீழே வழுக்குகிற பாசி. முகத்தில் சாரல். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பார்த்தாள். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பின்வாசல், அடுக்களை, நடை, முன்வாசல் எல்லாம் ஒரே நேராய்த் தெரிந்தன. அந்தக் கடைசியில், கம்பிக்கதவுக்கு அருகே, நீலப் பட்டுப்புடவை கட்டின ஒருத்தியின் முதுகு. பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் படியெல்லாம் நனைந்திருந்தது.

அப்பா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். கையை எடுத்துப் பார்த்தார்.

"எண்ணெ தேச்சியாம்மா? பிரயாணத்தன்னைக்கு எண்ணெ தேய்க்கலாமா?"

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெட்டியை எடுத்தார். ஏனோ ஒரு தடவை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நடை வழியாக, அடுக்களை வழியாக, நேரே கிணற்றடி வரைக்கும் அந்தக் கண் வந்தது. அப்பா, என்றாள் அவள். அப்பா. அப்பா.

"எதும் மறந்து வச்சிட்டியாம்மா?"

"இல்லப்பா," என்றாள் நீலப்புடவைக்காரி. "எல்லாம் எடுத்தாச்சு."

கார்க் கதவு சாத்துகிற சத்தம். செங்கோட்டை ரோட்டில் ஏறித் தேய்ந்து மறைகிற சத்தம். பிறகு அருவி இரைச்சல் மட்டும்.

அத்தை உள்ளே வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டவளைப் போலக் கண்ணை மூடி, சாவகாசமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

தெருவில் கம்பிக்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"குழல்வாய்மொழியக்கா! பூ!"

"வாரேன்" என்று கிணற்றடியிலிருந்து பதில் வந்தது.

அத்தை வாயே திறக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தபடி, மெதுவாக, கழுத்தைத் திருப்பிப் பின்வாசலைப் பார்த்தாள்.